பட்டாளத்துக்குப் போன தாத்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு நீளமான எண். அதன் கீழே தாத்தாவின் பெயர் ஆங்கிலத்தில், ஓர் எழுத்து தப்பாக. உள்ளே மூன்று பதக்கங்கள், நான்காக மடித்த டிஸ்சார்ஜ் தாள், துருப்பிடித்த சவரக்கத்தி ஒன்று. இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு கல்யாண வீட்டில் பேசப்போக, "எங்க தாத்தாவும் பர்மா போனவர்தான்" என்று ஆட்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டாம் உலகப் போரில் (1939–45) பட்டாளத்தில் சேர்ந்த நம் பக்கத்து ஆட்களைப் பற்றி யாராவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். தெரிந்தவரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

அவர்களாக விரும்பிச் சேர்ந்தார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா?

சட்டப்படி கட்டாயம் கிடையாது. பிரிட்டனில் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். இந்தியாவில் இந்தியர்களுக்கு அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவர அரசு துணியவில்லை. 1939-இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேரும் தாங்களாக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர்கள். உலகத்தில் அதுவரை இவ்வளவு பெரிய தன்னார்வப் படை திரண்டதில்லை.

ஆனால் 'விரும்பி' என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்த ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று நகரத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. அந்த நேரத்தில் சந்தை மைதானத்தில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து, மூன்று வேளைச் சாப்பாடு, துணி, பூட்ஸ், மாதச் சம்பளம், வீட்டுக்கு மணியார்டர் என்று சொன்னால் இருபது வயதுப் பையன் என்ன செய்வான்?

எங்கள் தாத்தா சேர்ந்த கதையைப் பாட்டி ஒரே மாதிரிதான் சொல்வாள். மாடு விற்கச் சந்தைக்குப் போனார். சாயங்காலம் மாடு விற்ற காசு மட்டும் பக்கத்து ஊர்க்காரர் கையில் வந்தது. "ஆள் எங்கேன்னு கேட்டா, ரயில் ஏறிட்டான் ஆத்தான்னு சொல்றான்." அவ்வளவுதான் கதை. காரணம் என்னவென்று பாட்டியும் சொன்னதில்லை, தாத்தாவும் சொன்னதில்லை.

அப்படியானால் அது பிழைப்புக்குப் போனதுதானே? தியாகம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அந்தச் சொல்லை நானும் சிக்கனமாகத்தான் செலவழிப்பேன். மேடையில் அதை ஆளாளுக்கு வாரி வீசி அதன் கனம் போய்விட்டது. ஆனால் சேர்ந்த அன்றைக்கு ஒருவன் மனதில் இருந்த கணக்கை வைத்து, இரண்டு வருடம் கழித்து அவன் செய்த காரியத்தை எடைபோட முடியாது.

பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலை பார்க்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்த சுபேதார் சுப்ரமணியன் அதற்கு நல்ல உதாரணம். செங்கல்பட்டுச் சீமைக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி தேடும் குழு ஒன்றை நடத்திக்கொண்டு போனார். ஒரு வெடி உசுப்பப்பட்டுவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகள்தான் இருந்தன. அவர் அதன்மேல் விழுந்து உடலால் மூடினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய வீர விருதைக் கொடுத்தார்கள். அவர் சம்பளத்துக்காகச் சேர்ந்தாரா, சாகசத்துக்காகச் சேர்ந்தாரா என்பதை அந்தச் சில நொடிகளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

மதராஸ்காரர்களைச் சண்டைக்கு விடவில்லை, லாரி ஓட்டவும் மண் வெட்டவும்தான் வைத்திருந்தார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதியிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்களுக்கு ஒரு கோட்பாடு பிடித்துக்கொண்டது. பஞ்சாபியர், கூர்க்கர், பட்டாணியர் போன்றவர்கள் 'போர்க்குணம் உள்ள இனங்கள்', தெற்கத்தியர்கள் அப்படி இல்லை என்பது. யார் இந்த நாட்டில் அவர்களுக்கு முதல் கோட்டையைக் காத்துக் கொடுத்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்து, முதல் உலகப் போருக்கப்புறம் மிச்சமிருந்ததையும் சிக்கனம் என்று சொல்லி மூடினார்கள். சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் ஆள் வேண்டுமே! 'தம்பி' என்றாலே மதராஸ் சாப்பர் என்று ராணுவம் முழுக்கப் பெயராகிவிட்டிருந்தது.

போர் பெரிதானதும் கோட்பாடு காற்றில் போனது. 1941-இல் மதராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். அதன் ஆட்கள் பர்மாவில் நேராகவே சண்டை போட்டார்கள். அதே சமயம், தெற்கிலிருந்து போன பெருங்கூட்டம் வண்டி ஓட்டும் பிரிவு, சாலை போட்டு மண் வெட்டும் பயனியர் பிரிவு, தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ், மருத்துவப் பிரிவு, பண்டகசாலை என்று பரவித்தான் இருந்தது.

1944-இல் வடகிழக்கு எல்லையில் இம்பாலையும் கோஹிமாவையும் ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த மாதங்களைப் பற்றிப் படித்தால் லாரி ஓட்டுவதன் அருமை புரியும். மலைச்சரிவில் வெட்டிய மண்சாலை. மழை பிடித்துவிட்டால் சாலையே ஓடிப்போய்விடும். ராத்திரியில் விளக்கைப் போட்டால் சுடுவார்கள், போடாவிட்டால் பள்ளத்தில் போவாய். எங்கள் தாத்தா கடைசிவரை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் உட்காருவார். சாலையைப் பார்த்துக்கொண்டே வருவார். தூங்கவே மாட்டார்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை ஏன் கொண்டாட வேண்டும்? நேதாஜி படைதானே நம் படை?

இது சண்டையில் முடியும் கேள்வி. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் மறுத்து முகாம்களில் கிடந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். 1943-இல் சுபாஷ் சந்திரபோஸ் வந்தபின் மலேயாத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள், ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். மதராஸில் டாக்டருக்குப் படித்த கேப்டன் லட்சுமி தலைமையில் அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் கணிசமானவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களில் நிறைய பேர். தன்னார்வம் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

அதே வருடங்களில் எதிர்ப்பக்கக் காட்டில் நம் ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். சொந்த ஊரிலோ 'வெள்ளையனே வெளியேறு' என்று கோஷம் போட்டவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று வழியும் போனவர்கள் உண்டு. போர் முடிந்ததும் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972-இல்தான் வந்தது. அந்தப் பக்கம் பர்மாவில் ஜெயித்து வந்தவனுக்கு, நாடு விடுதலையானதும், எந்தக் கொடிக்காகப் போனேன் என்று வீட்டில் சொல்லவே கூச்சமாகிவிட்டது.

இரண்டு பக்கமும் நம் ஆட்கள். ஒருவரை மதிக்க மற்றவரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் உரிமை. ஆனால் இறந்தவர்களுக்கு அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது.

பெட்டியில் ஒரு நட்சத்திரமும் இரண்டு வட்டமான பதக்கமும் இருக்கின்றன. அவை என்ன?

ஆறு முனை உள்ள வெண்கல நட்சத்திரம் என்றால் போர்முனைப் பதக்கம். நடுவில் உள்ள வட்டப் பட்டையில் எந்தப் போர்முனை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று தனித்தனி நட்சத்திரங்கள் உண்டு. '1939–1945' என்று மட்டும் இருந்தால் அது பொதுவான போர்க்கள நட்சத்திரம்.

வட்டமான வெள்ளை நிறப் பதக்கங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு தலை டிராகன் மேல் சிங்கம் நின்றால் அது போர்ப் பதக்கம். ஏறக்குறைய எல்லோருக்கும் கொடுத்தது. இந்திய வரைபடம் இருந்தால் இந்திய சேவைப் பதக்கம், போர்முனை அல்லாத பணியில் இந்தியாவில் மூன்று வருடம் இருந்தவர்களுக்கானது. "வரைபடம்தான் இருக்கு, அப்ப தாத்தா சண்டைக்குப் போகலையா?" என்று ஒரு பையன் முகம் வாடிக் கேட்டான். நட்சத்திரமும் கூட இருந்தால் அவர் போர்முனையிலும் இருந்திருக்கிறார் தம்பி. இல்லாவிட்டாலும் என்ன? யாராவது ஆவடியில் இருந்து சாமான் ஏற்றி அனுப்பாமல் பர்மாவில் யாரும் சுட்டிருக்க முடியாது.

சில பதக்கங்களின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும், எழுத்து போய்விடும்.

போரில் இறந்தவர் பெயரை எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் பெயர்களை அது பதிவு செய்து வைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினர் மட்டும் சுமார் 87,000 பேர். பல பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா வரை இருக்கும். "ஆண்டு 1944, வயது 22, இன்னாருடைய கணவர், வட ஆற்காடு" என்று திரையில் வரும்போது ஒரு நிமிடம் கை ஓடாது.

எழுத்துக்கூட்டல்தான் தலைவலி. முனுசாமி, முனிசாமி, முனியசாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினான். ஜில்லா பெயரும் பழையபடிதான் இருக்கும். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சினாப்பள்ளி என்று தேடுங்கள். படை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டி மூடி, பெல்ட், தட்டு, டம்ளர், எதில் எண் கீறியிருந்தாலும் எழுதிவையுங்கள்.

பதிவில் பெயர் இருக்கிறது, கல்லறை எண் இல்லை. ஏன்?

இந்து வீரர்களை எரித்தார்கள், அதனால் தனிக் கல்லறை இல்லை. அவர்களுக்காக எரியூட்டு நினைவிடங்கள் என்று தனியாகக் கட்டி, பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கோஹிமாவில், இம்பாலில், இத்தாலியின் சாங்ரோ ஆற்றங்கரையில் எல்லாம் உண்டு. உடலே கிடைக்காதவர்களுக்குப் பொது நினைவுத் தூண்கள். யாங்கூன் அருகே தவுக்யானில் உள்ள நினைவிடத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் போகும் நம் ஆட்கள் ஷாப்பிங் முடித்து ஒரு அரைநாள் அங்கே போகலாம்.

சென்னையிலேயே நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறை உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பராமரிக்க ஆள் இல்லாத இடுகாடுகளிலிருந்து எடுத்துவந்து 1950-களின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் வைத்தது. வெளியே பூந்தமல்லி ரோட்டில் ஹாரன் சத்தம், உள்ளே புல்தரை. கர்னலுக்கும் சிப்பாய்க்கும் கல்லின் உயரம் ஒன்றுதான். அந்த ஆணையத்தின் கண்டிப்பான விதி அது.

உயிரோடு திரும்பி வந்தவர் விவரம் கிடைக்குமா? பென்ஷன் ஏன் வரவில்லை?

விவரம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. படை எண், பெயர், சேர்ந்த வருடம், விலகிய வருடம், இவை நான்கும் இருந்தால் எழுதுங்கள். நான் எழுதிய முதல் கடிதத்துக்கு ஒரு அலுவலகத்திலிருந்து பதினோரு மாதம் கழித்து, வேறு யாருடைய விவரமோ வந்தது. இரண்டாவது கடிதத்துக்குச் சரியாக வந்தது. பொறுமை வேண்டும்.

பென்ஷன் விஷயம்தான் உண்மையான வயிற்றெரிச்சல். சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருடச் சேவை வேண்டும். போருக்காக எடுத்தவர்களைப் போர் முடிந்ததும் 1945–47-க்குள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கைந்து வருடம் உயிரைப் பணயம் வைத்தவன் கையில் கொஞ்சம் பணம், ஒரு ரயில் பாஸ், ஒரு தாள். அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் 'பென்ஷன் வாங்கற பட்டாளத்தான்' என்று நினைக்க, அவர் ஏர் பூட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தமிழக அரசு, பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் நூறை நெருங்கும் பாட்டி யாராவது இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாளின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள், கொடுத்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

அவர் ஏன் எதையும் சொல்லவே இல்லை?

கேட்டவர்கள் யார்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை பேரைச் சுட்டே தாத்தா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்போது படையில் இருந்து வந்த யாரோடாவது பேசுகிறீர்கள் என்றால், அது கார்கில் ஆனாலும் சியாச்சின் ஆனாலும், அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், கூட இருந்த சிநேகிதர் யார், கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டில் தொடங்கினால் பேச்சு தானாக எங்கெங்கோ போகும். 'நன்றி ஐயா' என்று சல்யூட் அடித்து செல்ஃபி எடுப்பதைவிட அவர்களுக்கு அது பிடிக்கிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சுவரில் 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர்' என்று ஒரு கல் இருக்கிறது. அது இந்தப் போருக்கானதா?

இல்லை, அதற்கு முந்தைய போருக்கானது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கில அரசு மதராஸ் மாகாணத்து ஊர்களில் பதித்த கற்கள் அவை. வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 மாபெரும் போருக்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்.' எண்ணிக்கை மட்டும் மாறும். பள்ளிக்கூடச் சுவர், சாவடி, பழைய தாலுகா கச்சேரி என்று எங்காவது இருக்கும். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடியிருக்கும்.

எனக்கு அந்தக் கல்லில் உறுத்துவது, அதில் ஒரு பெயர்கூட இல்லை. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில், தமிழ்-பிராமி எழுத்தில், கூடலூர் ஆநிரைப் பூசலில் (மாடு கவரும் சண்டையில்) இறந்த தீயன் அந்தவனின் கல் இது என்று வெட்டியிருக்கிறார்கள். ஆள் யார், எந்த ஊர்ச் சண்டை. நான்கைந்து சொல்தான். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்தவனை நமக்குத் தெரிகிறது. நூறு வருடத்துக்கு முன் போனவர்களை அவர்கள் ஊருக்கே தெரியவில்லை.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால் வயதானவர்களிடம் கேட்டு அந்த 'இத்தனை பேர்' யார் என்று எழுத முடிகிறதா பாருங்கள். 'பட்டாளத்தான் வீடு' என்று இன்னும் ஒரு வீட்டைச் சொல்வார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

நினைவு நாள் எப்போது?

டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல். ஜனவரி 15 ராணுவ தினம். உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு நவம்பர் 11. எங்கள் வீட்டில் இவை எதுவும் இல்லை. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, கோஹிமாவிலிருந்து திரும்பாத தாத்தாவின் சிநேகிதர் ஒருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அவர் என்ன ஊர், என்ன ஜாதி, யார் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் சொல்கிறோம்.

பெட்டியை என்ன செய்வது?

ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், போட்டோ எடுத்து இரண்டு மூன்று பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடைக்காரர் பதக்கத்துக்கு நல்ல விலை சொல்வார். பணமுடை என்றால் விற்பதில் தப்பில்லை, விளிம்பில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது சித்தப்பா மிச்சமிருந்த பெயின்ட்டை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினார். அப்பா பெயரில் உள்ள அந்தத் தப்பு எழுத்தைத் திருத்திவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. "வேண்டாம் சித்தப்பா, பெங்களூரு ரெக்கார்டிலும் அப்படித்தான் இருக்கு" என்றேன். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தார். அப்புறம் இறங்கி வந்து மாட்டுக் கொம்புக்கு அடித்தார்.